மாடியில் கணினி, கூடத்தில் அம்மா

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி கவலை இல்ல" என்று சொல்பவர்களை மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது சந்திக்கிறேன். வானொலியில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பழைய ஒலிநாடாப் பேச்சுத்தான் முதலில் வரும். தாத்தா பாடியது இருக்கிறது, அக்கா கல்யாண வீடியோ இருக்கிறது, எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரம் என்பார்கள். கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பார்க்க ஆசைப்படும் பெரியவர்கள் கூடத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கோப்புகளோ மாடியறைக் கணினியில் இருக்கின்றன. நடுவில் மாடிப்படி.

கிள்ளானில் எங்கள் வீட்டில் அந்தப் படிகள் பதினான்கு. அம்மாவின் முட்டிக்கு அவை இப்போது பத்துமலைப் படிகள் மாதிரி.

மாடியறைக் கணினி அப்பாவுடையது. துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் இருந்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். பழைய ரேடியோ பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கணினியில் செருகி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, கேசட்டை ஓடவிடுவார். இதில் குறுக்குவழி கிடையாது. 60 நிமிட நாடா என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் காத்திருந்து, திருப்பிப் போட்டு, இன்னொரு 30 நிமிடம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள். அதற்குப் பிறகு விசிடிக்களை எடுத்தார். ஒரு வட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் ஒரு கல்யாணம் மூன்று வட்டுகளில் இருக்கும். தாலி கட்டுவது எப்போதும் இரண்டாவதில். இத்தனையையும் 'டி' டிரைவில் ஒரு கோப்புறைக்குள் போட்டு 'வீடு' என்று பெயர் வைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் காலமானார். கோப்புறை அப்படியே இருக்கிறது.

அந்தக் கேசட்டுகளில் முக்கால்வாசி வானொலியிலிருந்து பதிவு செய்த பாடல்கள். இன்றைய மின்னல் எஃப்எம் அப்போது ரேடியோ 6. பெட்டியருகே உட்கார்ந்து, பாடலின் முதல் இசை கேட்டதும் பதிவுப் பொத்தானை அழுத்துவது அன்றைக்கு எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். அந்தப் பாடல்களை இப்போது கைத்தொலைபேசியில் ஐந்து வினாடியில் எடுத்துவிடலாம், அதைவிடத் தெளிவாக. ஆனால் நாடா முடிவதற்கு நாலைந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது அப்பா ஒரு காரியம் செய்திருக்கிறார். பெட்டியிலிருந்த மைக்கைப் போட்டு வீட்டில் இருப்பவர்களைப் பேசச் சொல்லியிருக்கிறார். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த பாட்டி, சமையலறையில் பாத்திரம் உருட்டும் அம்மா, முதலாம் வகுப்புப் பாடத்தை ஒப்பிக்கும் நான், பின்னால் குரைக்கும் நாய். ஒலிபரப்பில் இதை வெட்டி எறிவோம். ஒரு நிமிடச் சத்தத்தை வெட்டுவதற்குச் சம்பளம் வாங்கும் நான், இந்தக் கேசட்டுகளில் அந்தச் சத்தத்தைத்தான் தேடினேன்.

இதை அம்மா கேட்க வேண்டும். எப்படி? பென்டிரைவில் போட்டு டிவியில் செருகலாம் என்றான் தம்பி. சில நாள் அப்படித்தான் செய்தோம். ஆனால் எதைப் போடுவது என்று முடிவு செய்தது நாங்கள். நாங்கள் முக்கியம் என்று நினைத்ததை அம்மா பார்த்தார், அவர் கேட்டதை நாங்கள் தேடிக் கொண்டுவர இரண்டு வாரம் ஆனது. யூடியூபில் ஏற்றிவிடலாமே என்று அடுத்த யோசனை வந்தது. "நம்ம வீட்டு வெசயம் ஊருக்கெல்லாம் எதுக்குடா?" என்றார் அம்மா. பூட்டி வைத்தும் ஏற்றலாம் என்று தம்பி விளக்கியும் அவர் முகம் மாறவில்லை. எனக்கும் அம்மா சொன்னதே சரியாகப் பட்டது. பாட்டியின் குரல் மாடியிலிருந்து கூடத்துக்கு வர எதற்காக இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டு வர வேண்டும்?

வீட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு வழி பல ஆண்டுகளாக இருக்கிறது. கணினியில் ஒரு கோப்புறையைத் 'பகிர்' என்று குறித்துவிட்டால், அதே ரூட்டரில் இணைந்திருக்கும் இன்னொரு கருவி அதைத் திறந்து பார்க்கலாம். கோப்பு இடம் மாறுவதில்லை. கூடத்துப் பெட்டி கேட்கக் கேட்க மாடிக் கணினி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு இணையமே தேவையில்லை. சேவை துண்டிக்கப்பட்ட நாளிலும் ரூட்டருக்கு மின்சாரம் இருந்தால் ஓடும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இரு கருவிகளும் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. விண்டோஸ் அல்லாத கருவிகளும் அதைப் பேசுவதற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் சாம்பா. எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது அந்த நடனத்தின் பெயர் அகப்பட்டதாம்.

அப்பாவே இதை முயன்றிருக்கிறார். டிவிக்கு அடியில் கைக்கடக்கமான ஒரு மீடியா பெட்டி தூசி படிந்து கிடந்தது. பெயர் வேண்டாம், அதைத் தயாரித்தவர்கள் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தம்பி அதை இணைத்துப் பார்த்தான். கணினியின் பெயரே அதற்குத் தெரியவில்லை. காரணம் மொழிதான். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும். அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீம்பொருள் உலகெங்கும் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டது அப்போதுதான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அந்தப் பழைய மொழியில் கோப்புறையைப் பகிரும் பகுதி தானாக வருவதில்லை.

வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய் அதைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம். விவரம் தெரிந்தவர் என்று நாம் நம்பும் பலர் உடனே சொல்லும் வழியும் அதுதான்: "பழைய பதிப்பை ஆன் பண்ணு, பாஸ்வேர்டைத் தூக்கு, எல்லாருக்கும் திறந்து விடு, ஓடிடும்." ஓடும்தான். வேறு எங்கேயும் பிரதி இல்லாத குரல்கள் இருக்கும் கோப்புறைக்கு இந்த வழியை நான் ஒப்பவில்லை. அலாவுதீன் விளக்கு மாதிரி பத்திரப்படுத்த வேண்டியதை, பழைய பெட்டி ஒன்றைக் காப்பாற்றுவதற்காக வாசலில் வைக்க முடியாது. பெட்டியைத்தான் மாற்றினோம்.

தம்பியிடம் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி சும்மா கிடந்தது. உள்ளங்கை அளவு பலகை. அதில் லிப்ரஎலெக் என்ற இலவச அமைப்பை ஏற்றினால், மின்சாரம் கொடுத்ததும் நேராகக் கோடி என்ற மென்பொருளுக்குள் போய்விடும். கோடி என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பணக் கோடி இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, 2014இல் பெயர் மாறிய மென்பொருள் அது. புதிய எஸ்எம்பி பதிப்புகளைப் பேசும். விசிடியிலிருந்து அப்பா அப்படியே எடுத்து வைத்த 'டாட்' கோப்புகளைக்கூட மாற்றாமல் ஓட்டும். அம்மாவுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவி ரிமோட்டின் அழுத்தங்களை அந்தப் பலகை புரிந்துகொள்ளும். மேசையில் மூன்றாவதாக இன்னொரு ரிமோட் சேரவில்லை.

கோடியில் 'வலைப்பின்னல் இடம் சேர்' என்பதைத் திறந்தால் நான்கு விவரம் கேட்கும்: கணினியின் முகவரி, பகிர்ந்த கோப்புறையின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். முதல் இரண்டும் கைவசம் இருந்தன. மூன்றாவதும் நான்காவதும்தான் எங்களை ஒரு வாரம் நிறுத்தி வைத்தன.

அப்பாவின் கணினி திறக்க நான்கு எண்கள் போதும். அந்த எண்களை அப்பா அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தார். எங்களில் யாருக்கும் தெரியாது, இங்கே எழுதவும் மாட்டேன். கோடியில் அந்த நான்கு எண்ணைக் கொடுத்தால் ஏற்கவில்லை. பலர் வீட்டில் வேலை நின்றுபோவது இந்த இடத்தில்தான். விண்டோஸில் நாம் போடும் பின் எண் அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் செல்லும். இன்னொரு கருவி வலைப்பின்னல் வழியாக வந்து கதவைத் தட்டினால் அதற்கு உண்மையான கடவுச்சொல் வேண்டும். அது அப்பாவோடு போய்விட்டது.

கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்றான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். டீ போடும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. திரும்பி வந்து, "அப்பா வெச்சத மாத்தாதீங்க. நான் போனப்பறம் என்னா வேணும்னாலும் செஞ்சிக்குங்க" என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்பது அடுத்த சனிக்கிழமை தெளிவாயிற்று. கணினியில் புதிதாக ஒரு பயனரைச் சேர்க்கலாம். யாரும் திரையில் வந்து உட்காரப் போகாத பயனர். டிவிப் பெட்டி கதவைத் தட்டும்போது சொல்லிக்கொள்வதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். தம்பி அம்மாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனான். அம்மா எண்களை அழுத்தினார், நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம். மின்னஞ்சல் கணக்கு எதையும் சேர்க்காமல் 'கூடம்' என்று ஒரு பயனரை உருவாக்கி அதற்கு மட்டும் ஒரு கடவுச்சொல் வைத்தோம். காலியாக விட முடியாது. கடவுச்சொல் இல்லாத பயனரை விண்டோஸ் வலைப்பின்னல் வழியாக உள்ளே விடுவதில்லை. அப்பாவின் கணக்கு, அவர் வைத்த திரைப்படம், அவர் எண்கள் எதையும் தொடவில்லை.

அடுத்தது அனுமதி. அங்கே இரண்டு பூட்டு இருக்கிறது. நம் வரிசை வீடுகளில் வெளியே கேட், உள்ளே கிரில் இருப்பது போல. 'பகிர்வு' பக்கத்தில் கொடுக்கும் அனுமதி கேட். 'பாதுகாப்பு' பக்கத்தில் அதே கோப்புறைக்குக் கொடுக்கும் அனுமதி கிரில். ஒன்றைத் திறந்து மற்றதை விட்டால் பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. இரண்டிலும் 'கூடம்' என்ற பயனருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தோம். எழுதவோ அழிக்கவோ உரிமை இல்லை.

இந்தச் சின்னக் குறியீட்டை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இத்தனை நாளாக அம்மா அந்தக் கணினியைத் தொடாமல் இருந்தது முட்டி வலியால் மட்டும் இல்லை. "தெரியாம எதையாவது அமுக்கி, அப்பா செஞ்சதெல்லாம் அழிஞ்சி போச்சின்னா?" என்று அன்றைக்குத்தான் கேட்டார். மூன்று ஆண்டுகள் அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். இப்போது ரிமோட்டில் எதை அழுத்தினாலும், பேரப்பிள்ளை பிடுங்கி விளையாடினாலும், ஒரு கோப்பும் அழியாது என்று சொன்னேன். நம்பவில்லை. தம்பி அவர் கண்முன்னால் கூடத்துப் பெட்டியிலிருந்து ஒரு கோப்பை அழிக்கப் பார்த்தான். முடியவில்லை என்று திரையில் வந்தது. அதன் பிறகுதான் ரிமோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். வீட்டு இணைப்பைக் கணினி 'பொது' என்று எண்ணிக்கொண்டிருந்தது; ஓட்டல் வைஃபைக்கு உரிய அந்த நிலையில் அது யாருக்கும் கோப்புறையைக் காட்டாது. 'தனியார்' என்று மாற்ற வேண்டும். விருந்தாளிகளுக்கான வைஃபையில் பெட்டியை இணைத்தாலும் இதே கதிதான். அதில் இருப்பவை வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. கணினியின் முகவரி நாளுக்கு ஒன்றாக மாறாமலிருக்க ரூட்டரில் அதை நிலையாக ஒதுக்கி வைத்தோம். விசிடிக் காலத்துப் படங்கள் சிறியவை, கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் பலவீனமான வைஃபையிலேயே ஓடின. தம்பி கல்யாணத்தை எடுத்த புதிய கேமரா வீடியோ மட்டும் நின்று நின்று வந்தது. மாடிப்படி ஓரமாக ஒரு கம்பியை இழுத்த பிறகு அதுவும் சரி.

ஒருநாள் மாலை 'வீடு' கோப்புறையே டிவியிலிருந்து மறைந்துவிட்டது. அம்மா வேலையிடத்துக்கே எனக்கு அழைத்தார். "அப்பா கோவிச்சிக்கிட்டாரு போல." அரை மணி நேரம் யாரும் தொடாததால் கணினி தூங்கிவிட்டிருந்தது. தூங்காமல் இருக்கும்படி அமைத்துவிட்டு, இரவில் தம்பி மனைவி அணைத்துவிடுவது என்று ஏற்பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோப்புறையைச் சேர்க்கும்போது இதில் இருப்பவை என்ன, திரைப்படங்களா என்று கோடி கேட்கும். ஆம் என்றான் தம்பி. உடனே அது இணையத்துக்குப் போய், கோப்புப் பெயர்களுக்குப் பொருத்தமான படங்களைத் தேடி அட்டைகளை ஒட்டியது. என் சித்தி கல்யாணத்துக்கு, துப்பாக்கி பிடித்த ஒரு வெள்ளைக்காரர் காவல் நின்றார். அம்மா சிரித்த சிரிப்பில் தம்பி அதை மாற்றாமல் இரண்டு நாள் விட்டு வைத்தான். வீட்டுப் படங்களுக்கு 'எதுவுமில்லை' என்று பதில் சொல்வதே நல்லது.

இவையெல்லாம் இரண்டு வாரயிறுதி வேலை. அதற்குப் பிறகு தொடங்கியதை நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து கேட்கத் தொடங்கினார். அப்பா வைத்த பெயர்கள் அப்பாவுக்கு மட்டும் விளங்குபவை. 'அம்மா பாட்டு 3 பி' என்று ஒன்று. எந்த அம்மா? நான் என் அம்மா என்று நினைத்திருந்தேன். போட்டதும் என் அம்மா, "இது ஒங்க அப்பாவோட அம்மா" என்றார். 'பாட்டி கதை' என்பது என் அம்மாவின் அம்மா பேசியது, ஏனென்றால் அதை எங்கள் வாயால் சொல்லியிருக்கிறார் அப்பா. 'தோட்டம் 91' என்பதில் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவர் பாட்டி. மற்றவர்கள் யாரென்று எனக்கும் தம்பிக்கும் தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது மேட்டு லயத்து ஆயா. இது பால்மரக் கொட்டாயில இருந்தவங்க. மூணாவது யாருன்னு பொறுங்க, திரும்பப் போடுங்க."

வானொலி நிலையத்தில் ஒரு ஒலிப்பதிவோடு எப்போதும் ஒரு சீட்டு இருக்கும். யார் பேசுவது, எங்கே, எந்தத் தேதி, எத்தனை நிமிடம். சீட்டு தொலைந்த பதிவு இருந்தும் இல்லாதது போல. எங்கள் வீட்டுப் பதிவுகளுக்குச் சீட்டு அம்மாவின் தலைக்குள் இருந்தது. அப்பா மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் அம்மா கீழே சமையலில் இருந்தார். அப்பா காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். குரலும் குரலைத் தெரிந்தவரும் ஒரே வீட்டில் பத்தாண்டுக்கு மேல் தனித்தனி மாடியில் இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுபத்தொன்று. இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பிறகு மாடிக்குப் போய் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் சேர்க்கிறேன். அப்போதுதான் பட்டியல் கால வரிசையில் நிற்கும். அப்பா வைத்த பெயரை அழிப்பதில்லை, பின்னால் அப்படியே இருக்கட்டும். அம்மா, பாட்டி, அத்தை என்று உறவுப்பெயர் மட்டும் எழுதுவதில்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து இதைத் திறப்பவனுக்கு 'அத்தை' யார் என்று எப்படித் தெரியும்? ஆளின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர். மாதம் தெரியாத இடத்தில் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு நாட்காட்டி இருக்கிறது. "நீ அம்மை போட்டிருந்தப்ப." "ஒந்தம்பி பொறக்கறதுக்கு முந்தின தைப்பூசம்." அதை நான் ஆண்டாக மாற்றிக்கொள்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் இப்போது லயங்கள் இல்லை. போய்ப் பார்த்தால் செம்பனை மட்டும் நிற்கிறது. 'பாட்டி கதை'யின் பதினோராவது நிமிடத்தில் பாட்டி, கிழக்குக் கோடியிலிருந்து தொடங்கி எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பதினெட்டு வீடு. அப்பா அவரை இடையில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. தொழிலில் நான் யாரையும் அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை.

கணினி பழையது; அதை இணையத்தில் உலவ யாரும் பயன்படுத்துவதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, ஆகவே ஒருநாள் இந்தக் கோப்புறை வேறு கணினிக்குக் குடிபெயர வேண்டும். பகிர்வது வேறு, பிரதி எடுப்பது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிவியில் தெரிகிறது என்பதால் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே டிஸ்க்தான், அது போனால் இரண்டு இடத்திலும் போகும். வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டில் முழுப் பிரதி எடுத்து, ஒன்றைச் ஷா ஆலாமில் தம்பியின் மாமனார் வீட்டில் வைத்திருக்கிறோம். பெயர் மாற்றும் வேலை நடக்கும்வரை மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறோம்.

சென்ற மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவுக்கு ஏழு வயது மூத்தவர், அதே லயத்தில் வளர்ந்தவர். 'தோட்டம் 91'ஐப் போட்டேன். மூன்றாவது குரல் யாரென்று அம்மா கடைசியில் கண்டுபிடித்திருந்தார். கங்காணி வீட்டு மருமகள். பெரியம்மா கேட்டுவிட்டு, "யார் சொன்னா? அவ இப்படியா பேசுவா? இது கோயில் பூசாரி தங்கச்சி" என்றார்.

"இல்லக்கா, நல்லாக் கேளு."

"நான் கேட்டுட்டுத்தான் சொல்றேன் புள்ள. ஒனக்கு அப்ப கல்யாணமாகி நீ கிள்ளானுக்கு வந்தாச்சி. நான்தான் அங்க இருந்தேன்."

அரை மணி நேரம் இப்படியே போனது. நான்கு முறை திரும்பப் போட்டார்கள். ரிமோட் அம்மாவிடமிருந்து பெரியம்மாவிடம் போனது. யார் சொல்வது சரியென்று தீர்ப்புச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. கோப்புப் பெயரில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன். விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறியை ஏற்பதில்லை. கங்காணி வீட்டு மருமகள், 'அல்லது', பூசாரி தங்கச்சி என்று இரண்டு பேரையும் எழுதிவிட்டு இறங்கினேன். அதற்குள் கீழே 'தோட்டம் 92' ஓடிக்கொண்டிருந்தது.